கோரிமேட்டில் திணறிய கார்: ஏற்காட்டுக்குக் கிளம்பும் முன் இரண்டு நாட்கள்

போன வருடம், எண்பத்தைந்தில், ஈஸ்டர் முடிந்த வாரம் புதுச்சேரியிலிருந்து ஏற்காட்டுக்குக் காரில் போனோம். மொத்தம் இருநூற்று நாற்பது கிலோமீட்டர் சொச்சம். அதில் ஊர் எல்லையைத் தாண்டுவதற்கு மட்டும் எங்களுக்கு இரண்டு நாட்கள் பிடித்தன. கோடையில் மலைக்குப் போக நினைப்பவர்கள், அதிலும் பழைய காரில் வேறு எஞ்சின் பொருத்தி வைத்திருப்பவர்கள், கிளம்பும் முன் இதைப் படித்துவிடுவது நல்லது.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். என் அக்கா தெரேஸ் அப்போது ஏற்காட்டில் ஒரு மடத்தில் இருந்தாள். அந்தச் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு அவளுக்கு நித்திய வார்த்தைப்பாடு. இனி வீட்டுக்குத் திரும்பப்போவதில்லை என்று பலிபீடத்துக்கு முன் நின்று சொல்லும் கடைசி வார்த்தை அது. அதற்கு அடுத்த வாரம் அவளை ஆப்பிரிக்காவுக்கு அனுப்பவிருந்தார்கள். மறுபடி எப்போது வருவாள் என்பது அவளுக்கே தெரியாது. அம்மா அவளோடு பேசி ஆறு வருடமாகியிருந்தது. அம்மா ஒருநாள்கூட காலைப் பூசையைத் தவறவிடாதவள். ஆனால் கோயிலுக்குப் பெண்ணைக் கொடுக்க அவளுக்கு மனம் வரவில்லை. அக்காவிடமிருந்து கடிதம் வந்தால் நான்தான் உரக்கப் படிப்பேன். அம்மா கீரை ஆய்ந்துகொண்டே கேட்காதவள்போலக் கேட்பாள்.

வார்த்தைப்பாட்டுக்கு அம்மாவைக் கூட்டிக்கொண்டு போவதற்காக நான் சென்னையிலிருந்து புதன்கிழமையே வந்துவிட்டேன். (திண்டிவனம் வழியாகப் பஸ்ஸில் நான்கு மணி நேரம். காலைப் பஸ்ஸில் இடது பக்கம் உட்கார்ந்தால் முகத்தில் வெயில் அடிக்கும்.) அம்மாவுக்குப் பஸ் ஆகாது, விழுப்புரம் தாண்டுவதற்குள் வாந்தி எடுத்துவிடுவாள். வாடகைக் கார் வைத்துக்கொள்ளலாம் என்றால், "கண்டவன் வண்டில நான் மலை ஏற மாட்டேன்" என்றாள். கடைசியாக என் மாமா, அதாவது அம்மாவின் தம்பி அந்துவான், தன் காரில் கூட்டிப்போவதாகச் சொன்னபோது மட்டும், "அந்துவான் வண்டின்னா பாக்கலாம்" என்றாள். எங்கள் கையில் இருந்தது அந்த ஒரு "பாக்கலாம்"தான். அந்த வண்டி வராது என்றால் அந்தச் சொல்லும் போய்விடும் என்று மாமாவுக்கும் எனக்கும் நன்றாகத் தெரியும்.

இனி கார். மாமா பிரெஞ்சு ராணுவத்தில் லாரி பழுது பார்த்து ஓய்வு பெற்றவர். முத்தியால்பேட்டையில் இப்படித் திரும்பி வந்தவர்களை சொல்தா என்பார்கள். மற்ற சொல்தாக்கள் செண்டும் ஒயினும் கொண்டுவருவார்கள்; மாமா டர்போ கொண்டுவந்தார், சூட்கேசுக்குள், இரண்டு கம்பளிச் சட்டைகளுக்கு நடுவில் வைத்து. பழைய அம்பாசடர் ஒன்றின் பெட்ரோல் எஞ்சினைக் கழற்றிவிட்டு ஒரு டீசல் எஞ்சினை இறக்கி, அதன் தலைமாட்டில் இந்த டர்போவையும் மாட்டினார். டர்போ என்பது சங்கு வடிவத்தில் ஓர் இரும்புக் கூடு. சைலன்சருக்குப் போகும் புகையின் வேகத்தில் உள்ளே ஒரு விசிறி சுற்றும். அது இன்னொரு விசிறியைச் சுழற்றி, வெளிக்காற்றை எஞ்சினுக்குள் திணிக்கும். காற்று அதிகம் கிடைத்தால் டீசல் முழுக்க எரியும், இழுவை கூடும். அந்தக் காற்றை வடிகட்ட, பிஸ்கட் டப்பா அளவுக்கு ஒரு தகரப் பெட்டியை மாமாவே வெல்டிங் வைத்துச் செய்திருந்தார். பெட்டிக்குள் வட்டமான ஃபில்டர், நடுவில் காலியாக ஒரு குழி, குழியின் அடியிலிருந்து டர்போவுக்கு ஒரு ரப்பர் குழாய். இந்தப் பெட்டியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

புதன் மாலை பெட்டிகளையும் ஏற்றிக்கொண்டு ஒரு வெள்ளோட்டம் போனோம். கடற்கரைச் சாலையில் கார் வழுக்கிக்கொண்டு போயிற்று. மாமா ஒரு கையை வெளியே தொங்கப்போட்டுக்கொண்டு ஓட்டினார். புதுச்சேரியில் ஒரு காரின் இழுவையைத் தெரிந்துகொள்வது கஷ்டம், ஊர் அவ்வளவு சமதளம். மேடு வேண்டுமென்றால் திண்டிவனம் சாலையில் கோரிமேட்டுக்குத்தான் போகவேண்டும். அங்கே ஏற ஆரம்பித்ததும் கார் திணறியது. மூன்றாவது கியர், இரண்டாவது, பிறகு முதல் கியர். பின்னால் கரிய புகை. எங்களுக்கு முன்னால் மிதித்துக்கொண்டிருந்த பால்காரரை எட்டிப்பிடிக்க முடியவில்லை. அவர் திரும்பிப் பார்த்துவிட்டு, "தள்ளணுமா சார்?" என்று கேட்டார்.

பின் சீட்டிலிருந்து அம்மா சொன்னாள்: "போவ வேணாம்னு இருக்கு. அவரே தடுக்கிறாரு."

அவர் என்று அம்மா சொன்னது கர்த்தரை. சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு இருபது கொண்டை ஊசி வளைவுகள். நாங்கள் கோரிமேட்டில் நின்றுகொண்டிருந்தோம்.

வியாழக்கிழமை விடிந்ததும் முத்தியால்பேட்டையில் ஜெகதீசனின் பட்டறைக்குப் போனோம். ஜெகதீசனுக்கு முப்பது வயதிருக்கும். லாரி டீசல் எஞ்சின்களைப் பார்க்கிறவர். மாமாவின் கார் மேல் அவருக்கு ஒரு பழைய கோபம், கட்டும்போது தன்னைக் கூப்பிடவில்லை என்று. மாமாவை அவர் முசியே என்றுதான் கூப்பிடுவார், பிரெஞ்சில் ஐயா.

"இன்னா முசியே, சீமை டர்போ தூங்கிருச்சா?"

"டர்போவுக்கு ஒண்ணுமில்ல. டீசல்ல தண்ணி இருக்கும். பாரு."

"எல்லாக் குத்தமும் நம்ம ஊரு டீசல்தான். சீமைல இருந்து வந்தது மட்டும் சுத்தம்."

டீசல் ஃபில்டரை மாற்றினார். தண்ணீர் இல்லை. டீசல் குழாய்களில் காற்று கோத்திருக்கிறதா என்று பார்த்தார், இல்லை. நின்ற இடத்திலேயே எஞ்சினை முடுக்கினால் நன்றாகத்தான் கத்தியது. ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்தார். ஃபில்டர் புதிதாக இருந்தது, நடுக்குழியும் காலி. டர்போ பக்கம் குழாயைக் கழற்றி, உள்ளே கல் போய்விடாதபடி மாமா வைத்திருந்த கம்பி வலையை டார்ச் அடித்துப் பார்த்தார். அதுவும் சுத்தம். நாசில் மேல் சந்தேகம் வந்தது. டீசலை எஞ்சினுக்குள் பீய்ச்சும் ஊசி முனைகள் அவை. அதைச் சோதிக்கும் மெஷின் அரியாங்குப்பத்தில் ஒருவரிடம்தான் இருந்தது. நான்கையும் கழற்றித் துணியில் சுற்றி, ஜெகதீசனின் ஸ்கூட்டரில் மாமா பின்னால் உட்கார்ந்து போனார்கள். இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு போனது தெருமுனை வரை தெரிந்தது.

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. பையில் ஒரு நாவல் இருந்தது. ஒரே பக்கத்தைப் பலமுறை படித்தேன். குருசுக்குப்பம் வரை நடந்தேன், மணலில் காய்ந்துகொண்டிருந்த வலைகளைச் சுற்றிக்கொண்டு திரும்பினேன். பயணக் கட்டுரை எழுதுகிறவர்கள் புதுச்சேரியின் மஞ்சள் சுவர்களையும் காகிதப் பூக்களையும் எழுதுவார்கள். எனக்கு அன்று அவை எதுவும் கண்ணில் படவில்லை. காலண்டரில் வெள்ளி, அதற்குப் பிறகு சனி, அவ்வளவுதான் தெரிந்தது. வீட்டுக்குப் போனால் அம்மா என் பெட்டியிலிருந்து தன் புடவையை எடுத்துத் திரும்ப அலமாரியில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"எதுக்கும்மா எடுக்கற?"

"மடிப்பு கலையும்னு வெச்சேன்."

அவள் என்னைப் பார்க்கவில்லை. நானும் மேலே கேட்கவில்லை. எங்கள் வீட்டில் பெண்களுக்குள் பேச்சு இந்த அளவில்தான் நிற்கும். அக்கா போனதும் இப்படித்தான். யாரும் சண்டை போடவில்லை, ஒருத்தி பெட்டியோடு போனாள், ஒருத்தி அலமாரியைச் சாத்தினாள்.

சாயங்காலம் இரண்டு பேரும் திரும்பி வந்தார்கள். நாசில் நான்கும் பழுதில்லை. திரும்ப மாட்டிக்கொண்டு கோரிமேட்டுக்குப் போனோம், பழைய கதைதான். புகையும் அப்படியே.

மாமா ராணுவத்திலிருந்து கொண்டுவந்திருந்த பழுது பார்க்கும் புத்தகத்தை அன்று இரவு நான் வாங்கிப் பார்த்தேன். பிரெஞ்சில், எண்ணெய்க் கறையோடு. கரும்புகைக்கு அதில் இரண்டே காரணங்கள் போட்டிருந்தன: டீசல் கூடுதல், அல்லது காற்று குறைவு. மறுநாள் காலை ஜெகதீசனிடம் இதைச் சொன்னேன்.

"அது எனக்கும் தெரியும் மேடம். காத்து வழியத்தான் நேத்தே பாத்துட்டேனே. கிளீனா இருக்குது."

"வண்டி நிக்கும்போது பாத்தீங்க. அது திணறுறது மேட்டுல ஏறும்போதுதானே?"

அவர் ஸ்பேனரால் கழுத்தைச் சொறிந்துகொண்டார். "ஓடும்போது எப்டி மேடம் உள்ள பாக்கறது?" என்றவர், தானே பதிலும் சொன்னார். "பாக்க வேணாம். கழட்டிட்டு ஓட்டலாம். ஒவ்வொண்ணா கழட்டுவோம், எத கழட்டுனா ஓடுதோ அதுல வியாதி."

"ஃபில்டர் இல்லாம ஓட்டினா மண்ணு உள்ள போயிடும்" என்றார் மாமா.

"அரை மைலுக்கு ஒண்ணும் ஆவாது முசியே. உங்க சீமைச் சரக்குக்கு எங்க ஊரு தூசியும் கொஞ்சம் பழகட்டும்."

வெள்ளிக்கிழமை காலை ஒன்பதரைக்குக் கோரிமேட்டின் அடியில் நின்றோம். மதியத்துக்குள் ஊரை விட்டுக் கிளம்பினால்தான் இருட்டுவதற்குள் சேலம் போய்ச் சேர முடியும். அது தவறினால் சனிக்கிழமை பத்து மணி எங்களுக்குக் கிடையாது. எஞ்சின் சத்தத்தைக் கவனிக்க வேண்டும் என்று மாமா என்னை ஓட்டச் சொன்னார். முதலில் ஃபில்டரை மட்டும் எடுத்துவிட்டு ஏறினோம். அதே திணறல். அடுத்து, பெட்டியிலிருந்து டர்போ வரை உள்ள ரப்பர் குழாயை வலையோடு சேர்த்துக் கழற்றி, பின் சீட்டில் போட்டார் ஜெகதீசன். மறுபடி மிதித்தேன்.

முதுகு சீட்டில் போய் ஒட்டிக்கொண்டது. முன்னாலிருந்து ஒரு விசில் சத்தம் எழுந்தது. இந்த இரண்டு நாளில் நான் அதைக் கேட்டதே இல்லை. மூன்றாவது கியரிலேயே கார் மேட்டைத் தின்றுகொண்டு ஏறியது, புகையே இல்லை. "அலே, அலே! போ, போ!" என்று மாமா கதவைத் தட்டிக் கத்தினார். உச்சியில் நிறுத்தியபோது, இரண்டு நாள் சண்டைக்காரர்கள் இருவரும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக் குலுக்கிக்கொண்டிருந்தார்கள்.

அப்படியானால் வியாதி குழாயில். ஜெகதீசன் அதைச் சாலையோரத்தில் வைத்து அமுக்கிப் பார்த்தார். வாயை வைத்து ஊதினார், காற்று போயிற்று. பிறகு நடுவில் இருந்த வளைவைத் தட்டி, தலைகீழாக உதறினார். முதலில் கொஞ்சம் தூசி. பிறகு ஒரு ஓலைச் சுருள் நழுவிக் கீழே விழுந்தது.

தென்னங்குருத்து. பின்னல் பாதி அவிழ்ந்து, ஓலை ஓலையாக விரிந்து, கரியும் எண்ணெயும் படிந்திருந்தது. அவிழாத பாதியில் சிலுவையின் ஒரு கை தெரிந்தது. முனையில் சிவப்பு நூல் முடிச்சு.

ஈஸ்டருக்கு முந்தின குருத்து ஞாயிறன்று கோயிலில் மந்திரிக்கும் குருத்தோலையில் சிலுவை பின்னுவது எல்லா வீட்டிலும் உண்டு. முனையில் சிவப்பு நூல் கட்டுகிறவள் எனக்குத் தெரிந்து ஒருத்திதான்.

மாமா நெற்றியில் அடித்துக்கொண்டார். குருத்து ஞாயிறன்று பூசை முடிந்து வந்ததும் ஏர் ஃபில்டரைத் தூசி தட்டிக்கொண்டிருந்தாராம். கை கழுவ உள்ளே போனபோது பெட்டி திறந்தே இருந்திருக்கிறது. திரும்பி வந்தபோது அம்மா காருக்குப் பக்கத்தில் நின்றிருந்தாளாம். உள்ளே பார்க்காமல் மூடியைத் திருகிவிட்டார். மந்திரித்த ஓலையைக் கால் படும் இடத்தில் வைக்கக்கூடாது, குப்பையில் போடவும் கூடாது. அம்மாவின் கண்ணுக்கு அந்த ஃபில்டரின் நடுக்குழி, வண்டியின் நெஞ்சுக்குள் சாமிக்கென்றே விட்ட மாடம்போலத் தெரிந்திருக்க வேண்டும். எஞ்சின் இழுத்த இழுப்பில் சிலுவை குழாய்க்குள் போய்விட்டது. மெதுவாகப் போகும்போது வளைவில் படுத்துக்கிடக்கும். மேட்டில் எஞ்சின் வேகமாகக் காற்றை இழுத்தால் எழும்பிப் போய் வலை மேல் அப்பிக்கொள்ளும். எஞ்சினை நிறுத்தினால் திரும்ப வளைவுக்குள் விழுந்துவிடும். நாங்கள் ஒவ்வொரு தடவையும் நிறுத்திவிட்டுத்தான் தேடியிருக்கிறோம்.

"உங்கம்மாட்ட சொல்லாத பாப்பா" என்றார் மாமா. "டீசல்ல தண்ணின்னு சொல்லிடுவோம். இது தெரிஞ்சா, சாமியே தடுத்துருச்சுன்னு ஒக்காந்துடுவா. அப்பறம் யார் சொன்னாலும் எழுந்திரிக்க மாட்டா."

அவர் சொன்னது நியாயம்தான். வீடு வரை அதையே யோசித்துக்கொண்டு ஓட்டினேன். ஓலை என் மடியில் கைக்குட்டைக்குள் இருந்தது. மறைப்பது எனக்குப் பழகிய வேலை; அக்காவின் கடிதங்களில் அம்மாவை நோகச் செய்யும் வரிகளைத் தாண்டித்தான் ஆறு வருடமாகப் படித்து வந்திருக்கிறேன். ஆனால் ஓலையை வேறெங்கே வைப்பது? அடுத்த வருடம் சாம்பல் புதனன்று நெற்றியில் பூசுவதற்காகக் கோயிலில் எரித்துச் சாம்பலாக்கும் வரை அது யாரிடமாவது இருந்துதான் ஆகவேண்டும்.

அம்மா சமையலறையில் இருந்தாள். கைக்குட்டையை அவளுக்கு முன்னால் பிரித்து வைத்தேன். மாமா வாசற்படியிலேயே நின்றுவிட்டார்.

அம்மா குனிந்து பார்த்தாள். "எங்க இருந்துச்சு?"

"காத்து போற குழாயில."

"வண்டி நல்லா போவணும்னுதான் வெச்சேன்."

"தெரியும்மா."

"இதுவா அடைச்சுது?"

நான் தலையாட்டினேன். அம்மா ஓலையை எடுத்தாள். கரி விரல்களில் ஒட்டியது. மாமாவால்தான் பொறுக்க முடியவில்லை.

"ரெண்டு நாளா அவரு தடுக்கிறாரு, அவரு தடுக்கிறாருன்னு அவர் தலையில போட்டியே. பாரு, யாரு தடுத்ததுன்னு."

அம்மா நிமிர்ந்து தம்பியைப் பார்த்தாள். அடிக்கப்போகிறாள் என்றே நினைத்தேன். அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். மூக்கில் ஒரு கரிக்கோடு விழுந்தது.

"வாய மூடுடா. வண்டிய எடு."

புடவையை அவளே அலமாரியிலிருந்து எடுத்துவந்தாள்.

பதினொன்றே முக்காலுக்குக் கிளம்பினோம். விழுப்புரம் நாற்பது கிலோமீட்டர். உளுந்தூர்பேட்டையில் டீ. கள்ளக்குறிச்சிக்குப் பிறகு சாலை குறுகும், கரும்பு வண்டிகளுக்குப் பின்னால் பொறுமையாகத்தான் போகவேண்டும். ஆத்தூர் தாண்டியதும் இரண்டு பக்கமும் மலைகள் தெரிய ஆரம்பிக்கும். ஆறு மணிக்குச் சேலம். இரவு மாமாவின் ராணுவ நண்பர் வீட்டில் தங்கினோம். சனிக்கிழமை ஏழு மணிக்கு மலையடிவாரம். ஒவ்வொரு கொண்டை ஊசியிலும் அம்மா, "இது எத்தினியாவது?" என்று கேட்டாள். விசில் சத்தம் மேலே போகிற வரை நிற்கவில்லை.

மடத்து வாசலில் தெரேஸ் அக்கா வெள்ளை உடையில் நின்றிருந்தாள். அம்மா வருவாள் என்று அவள் நம்பியிருக்கவில்லை. இருவரும் ஒருவரையொருவர் பார்த்தபடி நின்றார்கள். நான் காருக்குள் ஏதோ தேடுவதுபோலக் குனிந்துகொண்டேன்.

அக்காதான் முதலில் பேசினாள். "என்னம்மா, நகக்கண்ணெல்லாம் கரி?"

"வண்டி மக்கர் பண்ணிடுச்சுடி" என்றாள் அம்மா. பிறகு நிறுத்தவில்லை. டர்போ என்றால் என்ன, காற்று குறைந்தால் ஏன் கருப்பாகப் புகை வரும், அரியாங்குப்பத்தில் நாசில் சோதித்தது, ஃபில்டர், குழாய், வலை எல்லாவற்றையும் வரிசை பிசகாமல் சொன்னாள். கீரை ஆய்ந்துகொண்டே இவ்வளவையும் கேட்டிருக்கிறாள். ஆறு வருடத்துக்குப் பிறகு என் அம்மாவும் அக்காவும் முக்கால் மணி நேரம் பேசியது டீசல் எஞ்சினைப் பற்றி. கோயில் மணி அடித்த பிறகுதான் அக்கா உள்ளே போனாள். போகும்போது, ஓலை இருந்த கைக்குட்டையை அம்மாவிடமிருந்து வாங்கிக்கொண்டாள்.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். டாங்கியைப் புதுச்சேரியிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள், விலை சற்றுக் குறைவு. ஏப்ரலில் மதிய வெயிலில் நான்கு பேருக்கு ஒரு குடம் தண்ணீர் அதிகமில்லை. ஏற்காட்டுப் பாதையில் இறங்கும்போதும் ஏறிய கியரிலேயே இறங்குங்கள், பிரேக்கை மட்டும் நம்பவேண்டாம். டர்போ வைத்த வண்டி மேட்டில் கரும்புகை விட்டு இழுவை குறைந்தால், நாசிலுக்கும் பம்புக்கும் போவதற்கு முன் காற்று வரும் வழியைப் பாருங்கள். நின்ற வண்டியில் பார்த்துவிட்டுச் சுத்தம் என்று நம்பிவிடாதீர்கள். குழாயை முழுக்கக் கழற்றி, வளைவைத் தட்டி உதறுங்கள்.

குருத்தோலைச் சிலுவையைக் காரின் முன் கண்ணாடிக்கு மேல் செருகுங்கள். இந்த வருடம் அம்மா அங்கேதான் செருகியிருக்கிறாள். போன வருடத்து ஓலை ஆப்பிரிக்காவில் இருக்கிறது. சாம்பல் புதனுக்கு முன்னால் அங்கேயும் ஓலைகளைக் கேட்டு வாங்கினார்களாம். அக்கா அதைக் கொடுக்கவில்லையாம்.